எல்லோரும் ஆமென் சொன்ன சீட்டு

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை சபையிலிருந்து வரும் வழியில் ரெண்டு பேரும் சேர்ந்து என்னைக் கேலி செய்தீர்கள். "எல்லாரும் ஆமென் சொல்லி முடிச்சப்புறம்தான் அப்பா ஆமென் சொல்றாரு, நெட்வொர்க் வீக்கு போல" என்று சின்னவள் சொன்னாள். பெரியவன் பின்சீட்டில் சிரித்த சிரிப்பில் வண்டியே ஆடியது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. வண்டி ஓட்டிக்கொண்டு சொல்லக்கூடிய காரணம் இல்லை என்பதால் எழுதித் தருகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுதுவது. பிழை இருந்தால் உங்கள் அம்மாவிடம் கொடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு அடுத்த தெருவில், ஒரு வீட்டின் மொட்டை மாடியில் ஷீட்டுக் கூரை போட்ட ஒற்றை அறை எங்கள் வீடு. என் அப்பா, அதாவது நீங்கள் பார்க்காத உங்கள் தாத்தா, கட்டிடங்களுக்குச் சாரம் கட்டுகிறவர். மூங்கிலையும் கயிற்றையும் வைத்துக்கொண்டு நாலு மாடி உயரத்துக்குக் கட்டி, அதன் மேல் பீடி பிடித்துக்கொண்டு நடப்பார். சபைக்கு வந்த பிறகு பீடியை விட்டார். நடப்பதை விடவில்லை. அப்படி நடந்த ஒரு நாளில் விழுந்தார். முதுகெலும்பில் அடி. மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நாலு பேர் பெட்ஷீட்டில் வைத்துத் தூக்கி மாடிக்கு ஏற்றினார்கள். நான் சொல்லப்போகிற நாள் வரைக்கும், ரெண்டு வருடமாக, அவர் அந்தப் படியில் இறங்கவில்லை.

கீழ்வீட்டில் ஓனர் அக்கா இருந்தார். அந்த ஊரின் பழைய குடும்பம். ஏரித் தண்ணீரில் நெல் விளைத்தவர்கள், பிறகு அதே நிலத்தில் வீடு கட்டி வாடகைக்கு விட்டவர்கள். சாமிக்குக் கற்பூரம் காட்டாமல் காபி குடிக்க மாட்டார். துணி காயப்போட மாடிக்கு வரும்போதெல்லாம் எங்கள் வாசலில் நின்று அப்பாவை வம்புக்கு இழுப்பார்.

"இன்னாப்பா, காத்தாலேர்ந்து பாட்டுக் கச்சேரி தூள் பறக்குது. இவ்ளோ பாட்டு கேட்டுகினு உங்க சாமி ஒரு லிப்டு வெச்சுக் குடுக்கலியே உனுக்கு?"

"ஆர்டர் குடுத்துகீதுக்கா. டெலிவரிதான் லேட்டு" என்பார் அப்பா.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஆனால் டெலிவரி லேட்டு என்பது மட்டும் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

பாட்டுக் கச்சேரி என்று அக்கா சொன்னது விடிகாலையில் நடப்பது. அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. ஆனால் படுத்தே கிடந்ததில் மேல் முதுகில் புண் வந்திருந்தது. அங்கே உணர்ச்சி உண்டு. அம்மா தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் வேலை செய்தார். ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டும். அதற்கு முன்னால் அப்பாவைப் புரட்டிப் போட்டு, பழைய துணியை உரித்தெடுத்து, வெந்நீரில் துடைத்து, மருந்து வைத்துக் கட்டுவார். அம்மா துணியை உரிக்க ஆரம்பித்ததும் அப்பா பாட ஆரம்பிப்பார். எல்லாம் பரலோகத்தைப் பற்றிய பாட்டுகள். அங்கே கண்ணீர் இல்லை, நோவு இல்லை, இரவு இல்லை. சில இடங்களில் குரல் உச்சத்துக்குப் போய் ஷீட்டுக் கூரை அதிரும். பாயில் படுத்துக்கொண்டு கேட்டபடி, நாளிலேயே அப்பா சந்தோஷமாக இருக்கிற நேரம் இதுதான் என்று நான் முடிவு செய்திருந்தேன்.

எங்கள் சபையில் வாசல் பக்கம் ஒரு மரப்பெட்டி இருந்தது. யாருக்கு என்ன தேவையோ அதை ஒரு சீட்டில் எழுதிப் போடலாம். ஆராதனையின் நடுவில் பாஸ்டர் ஐயா பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வாசிப்பார். வாசித்து முடித்ததும் சபை முழுக்க ஆமென் சொல்லும். அந்த ஆமென்தான் முத்திரை என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன். முத்திரை விழுந்தால் வேலை முடிந்தது.

இதற்கு என்னிடம் சாட்சியும் இருந்தது. சபையில் ஒரு அண்ணன் துபாய் விசா வேண்டும் என்று சீட்டு போட்டார். ஆறு வாரம் போட்டார், ஆறு வாரமும் ஆமென் சொன்னோம். ஏழாவது வாரம் ஆள் போயே போய்விட்டார். அடுத்த கிறிஸ்மசுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, உடம்பு போட்டு, பெரிய பெட்டியோடு வந்து இறங்கினார். எனக்கும் ஒரு சாக்லேட் கிடைத்தது.

எங்கள் வீட்டுச் சீட்டை எழுதுவது என் வேலை. அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். சனிக்கிழமை சாயந்திரம் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். மேலே அம்மாவின் பெயர். கீழே, என் கணவரின் முதுகுப் புண் ஆறும்படி, என் மகன் நன்றாகப் படிக்கும்படி. இந்த ரெண்டும்தான், ஒவ்வொரு வாரமும். எனக்கே அலுத்துவிட்டது. புண்ணும் ஆறவில்லை, நானும் நன்றாகப் படிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை தீபாவளிக்கு முந்தின வாரம். பெருங்களத்தூரில் அந்த நாட்களில் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சென்னையே தெற்கே ஊருக்குக் கிளம்பி எங்கள் தெருமுனையில் பஸ்சுக்காக வந்து நிற்கும். எங்கள் வாசல் வழியாக ரோடு நன்றாகத் தெரியும். அம்மா ஓவர்டைம் என்று வரவில்லை. அப்பா என்னை அழைத்து, தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொன்னார். ரெண்டு பேரும் கூட்டத்தை வேடிக்கை பார்த்தோம்.

"அந்தாளப் பாரு, தலையில மூட்டை, இடுப்புல கொழந்த. எத்தினி மணிக்கு வந்தான்?"

"மத்தியானமே நின்னுகினு இருந்தாருப்பா."

"அஞ்சு மணி நேரமா நிக்கிறான். கால் வலிக்காது? வலிக்கும். பஸ்சு வரலன்னு திரும்பிப் போறானா பாரு. போ மாட்டான். ஏன்? போறது சொந்த ஊரு. அங்க அவனுக்கு எடம் கீது. அதான் தெம்பு." அப்பா கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் அப்பிடித்தாண்டா நிக்கிறேன். எனக்குத்தான் பஸ்சு இன்னும் வரல."

"எந்த ஊருக்குப்பா?"

"பரலோகத்துக்கு."

"அங்க போனா நடப்பியா?"

"நடப்பேனாவா? ஓடுவேன். சாரமே இல்லாம ஏறுவேன்."

எனக்கு அன்றைக்கு இருப்புக்கொள்ளவில்லை. ரெண்டு வருடமாக ஒரு மனுஷன் ஒரே இடத்துக்குப் போக வேண்டும் என்று பாடிக்கொண்டிருக்கிறார். துபாய் அண்ணனுக்கு ஆறு வாரத்தில் நடந்தது இவருக்கு ஏன் நடக்கவில்லை? யோசித்தபோது காரணம் பளிச்சென்று தெரிந்தது. யாருமே சீட்டு போடவில்லை. அம்மா புண்ணைப் பற்றிப் போட்டார், என் படிப்பைப் பற்றிப் போட்டார். அப்பா கேட்டதை ஒரு முறைகூடப் போடவில்லை.

எட்டு வயதுக்கு அது கொஞ்சம் மந்தபுத்திதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் கணக்கில் தவறே இல்லை. அப்பா போவார். அங்கே கால் சரியாகும். துபாய் அண்ணன் போலக் கிறிஸ்மசுக்கு லீவில் வருவார். படியேறி நடந்தே வருவார். ஓனர் அக்கா வாயைப் பிளப்பார்.

அம்மா வந்ததும் வழக்கம் போலச் சீட்டு எழுதினோம். அம்மா அரிசி களையப் போன பிறகு, நான் அந்தச் சீட்டை மடித்து நோட்டுக்குள் வைத்துவிட்டு வேறொன்று எழுதினேன். மேலே அம்மாவின் பெயரைத்தான் போட வேண்டும், ஏனென்றால் சீட்டு பெரியவர்கள் பெயரில்தான் போகும். கீழே சபையில் கேட்டுப் பழகிய வார்த்தைகளை ஒவ்வொன்றாகக் கோத்தேன். ஸ்கேல் வைத்து அடியில் கோடும் போட்டேன். அவ்வளவு அழகாக நான் அதற்கு முன்னால் எழுதியதில்லை.

மறுநாள் ஆராதனையில் பாஸ்டர் ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்தார். நல்ல மனிதர். சீட்டு வாசிப்பதில் அவருக்கு ஒரு வேகம் உண்டு, ரயில் மாதிரி. ஒரு சகோதரிக்கு வீட்டுப் பட்டா. ஆமென். ஒரு தம்பிக்குப் பாலிடெக்னிக்கில் இடம். ஆமென். ஒரு குடும்பத்தில் கர்ப்பத்தின் கனி. ஆமென். கீபோர்டு வாசிக்கிற அண்ணன் ஒவ்வொரு ஆமெனுக்கும் கீழே ஒரு சுரம் பிடிப்பார். அந்த ஓட்டத்திலேயே பாஸ்டர் ஐயா அம்மாவின் பெயரை வாசித்தார். அதே ஓட்டத்தில் சொன்னார்:

"என் கணவரை இனியும் தாமதிக்காமல் சீக்கிரமாகப் பரலோகத்தில் சேர்த்துக்கொள்ளும்படி."

"ஆமென்" என்றது சபை.

மற்ற சீட்டுகளுக்குச் சொன்னதைவிடச் சத்தமாக. அப்பா மேல் எல்லோருக்கும் பிரியம் உண்டு, அவருக்கான சீட்டு வந்தாலே குரல் கூடும். நானும் சொன்னேன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவும் சொன்னார்.

கீபோர்டு சுரம் பாதியில் நின்றது. பாஸ்டர் ஐயா சீட்டை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய், உதடு மட்டும் அசைய மறுபடியும் வாசித்தார். முன்வரிசையில் ஒருவர் திரும்பினார். பிறகு ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. நான் பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்து, அவர்கள் பார்ப்பது என்னையில்லை, அம்மாவை என்று கண்டுபிடித்தேன். அம்மாவின் கை வாயை மூடியிருந்தது. அந்தக் கைக்கு மேலே இருந்த கண்களை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"சிஸ்டர்" என்றார் பாஸ்டர் ஐயா மெதுவாக, "இது நீங்க போட்ட சீட்டா?"

அம்மா எழுந்து நின்றார். குனிந்து என்னைப் பார்த்தார். என் பேனா மையின் நீலம் என் விரலிலேயே இருந்தது. அதையும் பார்த்தார்.

"என் பேருதானேங்கய்யா போட்டுகீது" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

பாஸ்டர் ஐயா சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அடுத்த சீட்டு ஒரு பிள்ளையின் பரீட்சை. அதற்கு ஆமென் சொல்ல ஆள் இல்லை.

ஆராதனை முடிந்து செருப்பு தேடும் இடத்தில் ரெண்டு பெண்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. "பாவம், அவளும் எத்தினி நாளைக்குத்தான் பீ மூத்தரம் அள்ளுவா." "அள்ளட்டுமே. அதுக்குன்னு சீட்டு எழுதிப் போடுவாளா?" அம்மாவும் கேட்டார். கேட்காதவர் போல என் செருப்பைத் தேடி என் காலருகே வைத்தார்.

வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்டத்தோடு நின்றோம். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

"யாரு சொல்லிக் குடுத்தது உனுக்கு?"

"யாருமில்ல. அப்பாதான் போணும் போணும்னு சொல்லிகினே கீறாரு. நீ ஒரு தபா கூட எழுதச் சொல்லல."

ஒரு எலக்ட்ரிக் ட்ரெயின் போனது.

"போயிட்டு எப்ப வருவாருன்னு நெனச்ச?"

"கிறிஸ்மசுக்கு."

அம்மா என்னை முழுதாகத் திருப்பி நிறுத்தினார். "வர மாட்டாருடா. செத்தாத்தான் அங்க போ முடியும். புரியுதா? செத்துட்டா வர மாட்டாங்க."

கேட் திறந்தது. பின்னால் இருந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. நாங்கள் நகரவில்லை. எங்கள் தெருவில் நான் சாவு பார்த்திருக்கிறேன். மேளம், பூ, ஆட்டம், பட்டாசு. அதற்கும் அப்பா பாடுகிற இடத்துக்கும் நடுவில் ஒரு வாசல் இருக்கிறது என்றும், அது ஒரு பக்கம் மட்டுமே திறக்கும் என்றும் எனக்குத் தோன்றியதேயில்லை.

"ஆமென் சொல்லிட்டாங்களேம்மா" என்றேன். பிறகு, என்ன சொல்கிறோம் என்று தெரியாமலேயே, "நீயும் சொன்னியே" என்றேன்.

அம்மா என் கையை விட்டுவிட்டார். தண்டவாளத்தைத் தாண்டித் தனியாக நடந்தார். அவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை. நான் பின்னாலேயே ஓடினேன். தெருமுனையில் அவரையும் தாண்டி ஓடினேன். மாடிப்படியை ரெண்டு ரெண்டாகத் தாவி ஏறினேன். கட்டில் காலியாக இருக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

அப்பா விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். "இன்னாடா, நாய் தொரத்துச்சா?" என்றார்.

அம்மா பின்னாலேயே வந்தார். சோறு போட்டார். அப்பாவுக்கு ஊட்டினார். நான் சாப்பிடவில்லை, அப்பாவின் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. எனக்குச் சண்டே ஸ்கூல் எடுக்கிற அக்கா, கூட இன்னொரு சிஸ்டர். கையில் ஆப்பிள். உட்கார்ந்தார்கள், புடவையைச் சரிசெய்தார்கள், சுற்றிச் சுற்றிப் பேசினார்கள். கடைசியில் சண்டே ஸ்கூல் அக்கா அடுப்பு மூலையில் நின்ற அம்மாவைப் பார்க்காமலேயே சீட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"நாங்க தப்பா எடுத்துக்கல பிரதர். சிஸ்டருக்கு மனசு சோர்வு. அதுக்குத்தான் ஜெபிக்க வந்தோம். ஆனா, ஒரு பொண்டாட்டி வாயால அப்படிக் கேக்கலாமா? சபையே ஆடிப் போச்சு."

அப்பா அசையவில்லை. விசிறி நெஞ்சின் மேல் கிடந்தது. மூன்று மூச்சு, நான் எண்ணினேன், மூன்று மூச்சு அப்படியே இருந்தார். பிறகு சிரித்தார்.

"அட, அத நான்தான் எழுதச் சொன்னேன் சிஸ்டர். அவ வாணாம்னுதான் சொன்னா. நான்தான் புடிவாதமா போடச் சொன்னேன்."

"நீங்களா பிரதர்? அது அவிசுவாசம் இல்லியா?"

"பஸ் ஸ்டாண்டுல நிக்கிறவன் பஸ்சு எப்ப வரும்னு ஒரு வார்த்த கேட்டா அவிசுவாசமா?"

அவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் அறையே லேசாகிவிட்டது. டீ குடித்தார்கள். ஜெபித்தார்கள். போகும்போது சண்டே ஸ்கூல் அக்கா அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "சாரி சிஸ்டர்" என்றார். அன்றிலிருந்து இன்றுவரை அந்தச் சபையில் அது அப்பா எழுதச் சொன்ன சீட்டுதான். அம்மா யாரிடமும் மாற்றிச் சொல்லவில்லை.

செருப்புச் சத்தம் இறங்கிப் போய் முடிந்ததும் அப்பா கூப்பிட்டார். "இந்தாமே, இப்படி வந்து குந்து."

அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ரொம்ப முடியலியா உனுக்கு?" என்றார் அப்பா.

கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். சோறு இன்னும் வேணுமா என்று கேட்பது மாதிரி கேட்டார். அவர் அதை நம்பிவிட்டார், பிள்ளைகளே. தன் மனைவி தன் சாவைச் சீட்டெழுதிக் கேட்டாள் என்று நம்பி, அந்த மூன்று மூச்சுக்குள் அதை மன்னித்தும் முடித்து, அவளுக்காகப் பொய்யும் சொல்லியிருந்தார். இதெல்லாம் நான் கல்யாணம் ஆன பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா குலுங்கிக் குலுங்கி அழுதார் என்பதுதான்.

"நான் எழுதச் சொல்லல" என்றார் அம்மா.

"சரிமே."

"சத்தியமா சொல்லல."

"சொல்லி இருந்தாலும் தப்பில்லன்றேன்."

"நான் எழுதச் சொல்லலங்க. ஆனா…"

அம்மா அதை முடிக்கவில்லை. அப்பா காத்திருந்தார். பிறகு, முழுதாகக் கேட்டுவிட்டவர் போலத் தலையை ஆட்டி, அம்மாவின் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"யாரும் சொல்லல, நானாத்தான் எழுதுனேன்" என்றேன் சுவரோரத்திலிருந்து.

பொண்டாட்டி எழுதச் சொன்னாள் என்றபோது மூன்று மூச்சில் மீண்டுவிட்ட மனிதர், இதைக் கேட்டு மீளவில்லை. முகம் அப்படியே வெளிறியது.

"நானாடா சொன்னேன், எழுதச் சொல்லி?"

"நீதானே பஸ்சு வரலன்ன."

தெருவில் யாரோ பட்டாசு வெடித்தார்கள். அப்பா என்னைக் கிட்டே வரச் சொல்லி, என் தலையைப் பிடித்துத் தன் கழுத்தோடு அழுத்திக்கொண்டார். மருந்து வாடை அடித்தது. பிறகு, "கையெழுத்தாவது நல்லா இருந்துச்சா?" என்றார்.

"பாஸ்டர் ஐயா ஒரு எடத்துல கூட நிறுத்தாம படிச்சாரு."

"அப்ப சரி." அம்மா அழுதுகொண்டே சிரித்தார்.

"எல்லாரும் ஆமென் சொல்லிட்டாங்கப்பா. கேன்சல் பண்ண முடியாதா?"

"மூணாங்கிளாஸ் பையன் எழுத்துன்னு மேல இருக்கறவருக்குத் தெரியாதா? ஓரமா எடுத்து வெச்சிருப்பாரு." என் தலையைத் தூக்கிக் கண்ணைப் பார்த்தார். "நான் போணும்னு சொல்றது நெஜம்டா. அங்க எடம் இருக்குன்றதும் நெஜம். அது இருக்குதுன்னு தெரியறதாலதான் இங்க கெடக்க முடியுது. அவசரமா போறதுக்கு இல்ல."

அன்று சாயந்திரம் அவர் சத்தமாக ஜெபித்தார். சிஸ்டர்களிடம் பொய் சொன்னதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டார். அம்மாவின் முழங்கால் வலிக்காக வேண்டினார். பரலோகத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் அம்மா துணியை உரிக்க ஆரம்பித்தபோது, எனக்குப் பழகிய பாட்டு வரவில்லை. "ஐயோ, வலிக்குதுமே, மெள்ள" என்று அப்பா கத்தினார். நான் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தேன். ரெண்டு வருடத்தில் அவர் வலிக்கிறது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இத்தனை நாள் கூரை அதிரப் பாடிய இடங்கள் எல்லாம் இந்தக் கத்தலுக்கான இடங்கள் என்று அப்போது தெரிந்தது. கத்தி முடித்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, அப்பா பாடவும் பாடினார். அதே பரலோகப் பாட்டுதான், குரல் மட்டும் தாழ்ந்திருந்தது. அன்றிலிருந்து அப்படித்தான், முதலில் கத்துவார், பிறகு பாடுவார். எனக்கு இந்தப் பாட்டுகள் மேல் நம்பிக்கை வந்தது அதற்குப் பிறகுதான்.

அதன் பின் அப்பா மூன்று வருடத்துக்கும் மேல் இருந்தார். ஆனால் அது அப்போது எனக்கு எப்படித் தெரியும்? சீட்டை ஓரமாக எடுத்து வைத்திருப்பார் என்று அப்பா சொன்னாரே தவிர, கிழித்துப் போட்டார் என்று சொல்லவில்லை. அம்மா வேலையிலிருந்து வர ஏழு மணி ஆகும். நான் நாலு மணிக்கே பள்ளிக்கூடம் விட்டு வருவேன். படியில் சத்தம் வராமல் ஏறுவேன். எந்த நாளும் அப்பா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பார். பையைக்கூட இறக்காமல், சுட்டுவிரலை அவர் மூக்குக்குக் கீழே கொண்டுபோய் வைப்பேன். சூடான காற்று, விரல் நனைகிற அளவுக்கு, பலமாக வந்து படும். எந்த நாளும் என்னை ஏமாற்றாமல் வரும்.

தூங்குகிற மனிதர் அவ்வளவு பலமாக மூச்சு விடுவதில்லை என்று எனக்கு அப்போது தெரியாது. விரலை டவுசரில் துடைத்துக்கொண்டு, பையை இறக்கி வைத்துவிட்டு, விளையாடப் போவேன்.